ஐந்து நிமிடம்

விசில்.
முழங்கால், தோள், விலா என்றால் ஒன்றரை நிமிடம்.
நடுவர் தன் தலையைத் தொட்டுக் காட்டுகிறார்.
எனக்கு ஐந்து.

பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன்.
ஷூவைத் துடைக்காமல் பாயில் ஏறக்கூடாது என்று
நானே எழுதி ஒட்டிய தாளைத் தாண்டி
பனிச்சேற்றோடு ஏறுகிறேன்.

காலையில் வரிசையாக நிறுத்தி
டார்ச் அடித்துத் தோலில் படர்தாமரை தேடினேன்.
நகம் வளர்த்த இருவரை அங்கேயே வெட்டவைத்தேன்.
பாய்க்கு இரண்டு முறை பிளீச்.
கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் பார்த்தாயிற்று.

கோல்டர் ப்ரெக்கே. பதினாறு வயது.
நூற்று முப்பத்திரண்டு பவுண்டுக்குள் வரவேண்டுமென்று
எடைமேடை வாசலில்
காகிதக் கோப்பைக்குள் துப்பிக்கொண்டிருந்தவன்.
கோப்பையைப் பிடுங்கித் தண்ணீர் கொடுத்தேன்.
பாட்டிலைத் திறக்காமலே கக்கத்தில் வைத்துக்கொண்டு
எனக்கு நன்றி சொன்னான்.

ஆன்சன் தூக்கி இறக்கியதில் தவறில்லை.
பின்னந்தலை பட்ட சத்தம்தான்
ஈரத்துணியைத் தரையில் அறைந்ததுபோல் இருந்தது.

அசையாதே. என் விரலை இறுக்கு. மறு கை.
கால்விரலை ஆட்டு.
கழுத்தெலும்பை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு இறங்குகிறேன்,
வலிக்குதா, இங்கே, இங்கே.
இல்லை, இல்லை, இல்லவே இல்லை.
எந்த ஊர்? மான்டானாவில் எந்த மூலை?
எத்தனாவது சுற்று? கடைசிப் புள்ளி யாருக்கு?
எல்லாம் சரி.
மாதங்களைத் தலைகீழாகச் சொல் என்றால்
டிசம்பரிலிருந்து ஜனவரிக்கு
மாடிப்படியில் உருண்ட பந்துபோல் வந்துசேர்கிறான்.

இதை வீட்டில் பயிற்சி செய்கிறார்கள். தெரியும்.
செப்டம்பரில் நினைவுச் சோதனை வைத்தபோது
பத்துச் சொல்லில் மூன்றைத்தான் திருப்பிச் சொன்னான்.
வேண்டுமென்றே.
அன்றைக்கு மட்டமாகச் செய்தால்
அடிபட்ட நாளில் வித்தியாசம் தெரியாதாம்,
பெரிய வகுப்புப் பையன்களின் கண்டுபிடிப்பு.
இன்று ஐந்து சொல்கிறான்.
தலையில் அடிபட்டு அறிவு கூடிய ஒரே பிள்ளை
என் பதினோரு வருட வேலையில் இவன்தான்.

பயிற்சியாளர் கிட்ரிட்ஜ் பக்கத்தில் வரவில்லை.
பாக்கெட்டில் கைவிட்டு நிற்கிறார்.
எதுவும் சொல்லாமல் இருப்பதை
அத்தனை சத்தமாகச் செய்கிறார்.
இதில் ஜெயித்தால் மாநிலப் போட்டி.
மரப்படிகளிலிருந்து அவன் அப்பா
இரண்டு படி இறங்கி நின்றுவிட்டார்.
"எனக்கு ஒண்ணுமில்ல. ப்ளீஸ்."

சரி, தலைக்கவசத்தை மாட்டு என்றேன்.
தாடைப் பட்டையின் பொத்தானைத் தேடினான்.
தவறியது. மறுபடி. தவறியது.
மூன்றாவது முறை
என் முகத்தைப் பார்த்துக்கொண்டே
காதுமடலில் வைத்து அழுத்தினான்.

இரண்டு கைகளையும் குறுக்கே வைத்து
நடுவரைப் பார்த்தேன்.
கடிகாரத்தில் இன்னும் ஒரு நிமிடம் நாற்பது நொடி இருந்தது.
யாரோ ஊளையிட்டார்கள்.
நாளைக்கு மளிகைக்கடை வரிசையில்
எனக்குப் பின்னால் நிற்கப்போகிறவர்கள்தான்.

ஆன்சனின் கையை உயர்த்தினார்கள்.
ஒரு கை மேலே இருக்க, அவன் குனிந்து
கோல்டரின் பல்கவசத்தைப் பொறுக்கி
தொடையில் துடைத்து என்னிடம் நீட்டினான்.

ஆம்புலன்ஸ் ஓட்டும் மெர்ல்
வாசலில் பாப்கார்ன் விற்றுக்கொண்டிருந்தார்.
ஏப்ரனோடு சாவி தேடினார்.
மருத்துவமனைக்கு அறுபத்திரண்டு மைல்,
வழியெல்லாம் பக்கக்காற்று.

"நான் ஜெயிச்சேனா?"
இல்லை என்றேன்.
போர்வையைச் சுற்றி முடிப்பதற்குள் மறுபடி கேட்டான்.
வாந்தி எடுத்துவிட்டுக் கேட்டான்.
நாலாவது தடவை நான் வாய் திறக்குமுன்
அவன் அப்பா முந்திக்கொண்டார்.
"தோத்துட்டடா கண்ணா. வண்டில ஏறு.
நான் பக்கத்துலயே உக்கார்றேன்."
ஏறும்போது என்னைப் பார்க்கவில்லை.

உள்ளே அடுத்த ஜோடி ஆரம்பித்துவிட்டது.
யாருக்கோ மூக்கில் ரத்தம்.
பஞ்சு என் சட்டைப்பையில் இருந்தது.